வண்டி நின்ற பிறகும் ஓடிய கோடு

வனஜா இறந்த செய்தி எனக்கு ஒரு படமாக வந்தது. ஆம்புலன்ஸில் உடன் இருந்த அவள் தம்பி முரளி, மானிட்டர் திரையைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். அது என்ன செய்தி என்று அப்போது அவனுக்கே தெரியாது.

திருப்பதி மருத்துவமனையின் இசிஜி அறையில் நாங்கள் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவள் சித்தூர்ப் பக்கம் குடிபாலாக்காரி. பிறவியிலேயே இதயத் துடிப்பு குறைவு என்பதால் நெஞ்சில் துடிப்பைத் தூண்டும் பேஸ்மேக்கர் வைத்திருந்தாள். உடல் அசைந்தால் துடிப்பைக் கூட்டும் வகை. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கிய எனக்கு, வாய் திறந்தால் தப்பாகிவிடுமோ என்ற பயம். "உன் பேச்செல்லாம் பேப்பர்லதான் கீது" என்று கேலி செய்வாள்.

பங்காருபாளையம் மாங்காய் வியாபாரியைத் ஸ்ட்ரெச்சர் தள்ளுவண்டியில் தடதடவென்று கொண்டுவந்த நாள், இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். இசிஜி கோடு அகலமாக, வேகமாக ஓடியது. ஆபத்தான துடிப்பு என்று நினைத்துப் புது டாக்டர் ஷாக் கொடுக்கத் தயாரானார். வனஜா வியாபாரியின் சட்டையை விலக்கி, தோலடியில் இருந்த பேஸ்மேக்கரின் மேட்டைக் காட்டினாள். "பெட்டி வெச்சிக்கினு கீறாரு சார். வண்டி குலுங்கினது இன்னும் அடங்கல. கொஞ்சம் இருங்க." கோடு தானாகவே நிதானத்துக்கு வந்தது. எல்லோரும் சிரித்தோம், அவள் சிரிக்கவில்லை.

டீ குடிக்கும்போது சொன்னாள்: "நான் செத்தாலும் இது நிக்காதுடி. தூக்கிக்கினு போறப்ப குலுங்கினா இன்னும் வேகமா ஓடும். எங்க ஆளுங்க உயிரு கீதுன்னு நம்பிடுவாங்க. நீதான் சொல்லணும்."

"வாயக் கழுவுடி" என்றேன்.

போன வாரம் வீட்டில் மயங்கி விழுந்தவளைச் சித்தூர் மருத்துவமனையிலிருந்து திருப்பதிக்கு ஆம்புலன்ஸில் அனுப்பினார்கள். குவைத்திலிருந்து லீவில் வந்திருந்த முரளி, படத்தை அனுப்பிய கையோடு போன் செய்தான்.

"வேகமாயிடுச்சி பாருங்க. எங்கக்கா தேறிக்கினு வருது, இல்ல?"

படத்தில் பேஸ்மேக்கரின் குச்சிக் கோடுகள் நெருக்கமாக இருந்தன. அவற்றின் பின்னால் வரவேண்டிய இதயத்தின் அலை ஒன்றுகூட இல்லை.

"கழுத்துல வெரல வெச்சிப் பாரு."

"குலுங்குது, ஒண்ணும் தெரியல."

"வண்டிய நிறுத்தச் சொல்லு!"

வண்டி நின்றது. நாடி இல்லை. திரையில் குச்சிகள் மட்டும் மெல்ல நிதானமாயின.

"நெஞ்ச அழுத்து, விடாத!" என்று கத்தினேன். எனக்கு அவ்வளவு குரல் உண்டு என்று அன்றுதான் தெரிந்தது. வழியிலிருந்த மருத்துவமனைவரை அழுத்திக்கொண்டே போனான். அங்கே டாக்டர் கைவிரித்த பின் மறுபடி அழைத்தான்.

"இன்னும் ஓடுதே?"

"அது பெட்டி, முரளி. அக்கா இல்ல."

இப்போதெல்லாம் காகிதத்தைப் பார்ப்பதற்கு முன் நோயாளியின் மணிக்கட்டைப் பிடிக்கிறேன். பிடித்த கையை விடாமல், கண்டதை வாய் திறந்து சொல்கிறேன். வனஜாவிடமிருந்து எனக்கு வந்தவை இவை இரண்டும்தான்.