வியாழக்கிழமை நாங்கள் பிரித்த கூரை

கடந்த ஆகஸ்ட் நடுப்பகுதியில் எங்கள் சபையின் வாலிபர் குழுவோடு ஆறு நாட்கள் விசுவமடுவுக்குப் போய் வந்தேன். வீடு திருத்திக் கொடுக்கும் பணி. பதினெட்டு வாலிபர்கள், பொறுப்பாளராக ஜெரோம் என்ற இருபத்தாறு வயதுக் கட்டட மேற்பார்வையாளர், பெண்பிள்ளைகளுக்குத் துணையாக வயதில் மூத்த ஒரு பெண் வேண்டும் என்பதற்காக நான். எனக்கு நாற்பத்துநான்கு வயது. கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவள். போர்க்காலம் முழுவதும் வன்னியைச் செய்தியில் மட்டும் கேட்டவள், அது முடிந்த பிறகும் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்காதவள். அந்தக் கூச்சமும் நான் சம்மதித்ததற்கு ஒரு காரணம்.

இதேபோன்ற பயணத்துக்கு ஆயத்தம் செய்யும் மூன்று பேர் என்னிடம் விவரம் கேட்டிருந்தார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நாங்கள் ஒரு வீட்டைத் திருத்தினோம், மறுநாள் அதை எங்கள் கையாலேயே பழையபடி ஆக்கினோம். அந்த அதிர்ச்சி எனக்கு இன்னும் போகவில்லை.

திங்கள் அதிகாலை 4.15க்குத் தெஹிவளையிலிருந்து 29 இருக்கை பஸ்ஸில் புறப்பட்டோம். புத்தளம், அநுராதபுரம் வழியாக வவுனியாவுக்கு 10.40க்கு வந்தோம். அங்கே தேநீர், கழிப்பறை, முக்கால் மணி நேரம். பிறகு ஏ-9 வீதியில் வடக்கே ஏறி, கிளிநொச்சி தாண்டி, பரந்தனில் முல்லைத்தீவுப் பக்கம் திரும்பி, விசுவமடுவை அடையும்போது பிற்பகல் 2.20. கிட்டத்தட்ட 350 கிலோமீற்றர். ஆறு நாட்களுக்கும் பஸ் வாடகை 1,85,000 ரூபாய், டீசல் உட்பட. தங்கியது உள்ளூர் தேவாலய மண்டபத்தில். பாயும் நுளம்பு வலையும் கொண்டுபோங்கள். ஆகஸ்ட் காற்று பகல் முழுக்க மண்ணை அள்ளி முகத்தில் வீசும். கண்ணாடி போடுபவர்களுக்கு இரண்டாவது துணி அவசியம்.

செவ்வாய் ஒரு முதிய தம்பதியின் சமையலறைச் சுவரைப் பூசிக் கொடுத்தோம். எந்தச் சிக்கலும் இல்லை. அவர்கள் அழுதார்கள், நாங்களும் அழுதோம். அன்று மாலை, அடுத்த வீட்டைப் பார்க்கப் போகும்போது எங்களுக்குள் ஒரு மிதப்பு இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்த வீடு யோகாவினுடையது. வயது நாற்பதுக்குள். கணவர் இல்லை. இரண்டு பிள்ளைகள், பள்ளிக்கூடம் விட்டால் தாயின் தங்கை வீட்டில் நிற்பார்கள். யோகா கிளிநொச்சிப் பக்கம் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை, காலை 5.30க்குப் போனால் மாலை ஆறு மணிக்குத்தான் வருவார். வீடு என்பது மார்பளவு மண்சுவர், அதற்கு மேல் மறைப்புக்குத் தறப்பாள் விரிப்பு, கூரைக்குத் துருப்பிடித்த தகரம். காற்றில் பறக்காமல் தகரத்தின் மேல் பழைய ரயர்களும் கற்களும். உள்ளேயே, பின்பக்கத்து ஒரு மூலையில் அடுப்போடு குசினி. உள்ளூர்ப் போதகர் பல மாதங்களுக்கு முன்பே தந்த பெயர்ப்பட்டியலில் இந்த வீடு இருந்தது.

யோகா எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினார். நாங்கள் வேண்டாம் என்றோம். அவர் விடவில்லை. இரண்டாம் தரமும் வேண்டாம் என்றோம். மூன்றாம் தரம் எல்லோரும் குடித்தோம். பிறகு ஜெரோம் நாளைக்கு வந்து கூரை மாற்றி, நிலத்துக்குச் சீமெந்து போட்டுத் தருவதாகச் சொன்னார்.

"ஐயோ, இப்ப வேண்டாம் தம்பி," என்றார் யோகா. "வேறை ஆருக்கும் செய்து குடுங்கோ. என்ரை பிறகு பாக்கலாம்."

"உங்கட பேர் பட்டியல்ல இருக்கே அக்கா."

"ஓம், இருக்கட்டும். இப்ப வேண்டாம்."

நான்தான் சிரித்தேன். "நாங்களும் தேத்தண்ணி வேண்டாமெண்டுதானே சொன்னனாங்கள்? குடிச்சமா இல்லையா?" என்றேன். எங்கள் வாலிபப் பிள்ளைகள் எல்லோரும் சிரித்தார்கள். யோகாவும் கொஞ்சம் சிரித்தார், பிறகு கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனார். அந்தப் பகிடி என்னுடையது. இதை எழுதும்போதும் வாயில் கசக்கிறது.

புதன்கிழமை, யோகா வேலைக்குப் போனபின், காலை ஏழு மணிக்குத் தொடங்கினோம். பதினான்கு தகரத்தையும் இறக்கி, புதுத் தகரம் ஏற்றினோம். மண்சுவருக்கு வெள்ளைச் சுண்ணாம்பு. நிலத்துக்குச் சீமெந்து. புதுத் தறப்பாள் கட்டி, பழையதை எரித்தோம். பழைய தகரத்தைப் பக்கத்து வளவில் குடியிருக்கும் மணியண்ணை கேட்டார், தூக்கிக் கொடுத்துவிட்டோம். மாலை 5.30க்கு வேலை முடிந்தது. வீடு வெயிலில் பளபளத்தது. எங்கள் பிள்ளைகள் வரிசையாக நின்று பாடத் தயாரானார்கள். ஒருத்தி யோகாவின் முகத்தைப் படம்பிடிக்கக் கைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தாள்.

ஆறு பத்துக்கு யோகா ஒழுங்கை வழியே நடந்து வந்தார். வேலியடியில் நின்றார். கையிலிருந்த சாப்பாட்டுப் பை கீழே விழுந்தது. பாட்டு இரண்டு வரி போய் நின்றுவிட்டது. அவர் எங்களை ஒருவரையும் பார்க்கவில்லை, கூரையை மட்டும் பார்த்தார். பிறகு மிச்ச மணற்குவியலில் அப்படியே குந்திவிட்டார்.

"ஆர் உங்களைச் செய்யச் சொன்னது?" என்றார். சத்தம் போடவில்லை. மிக மெதுவாகக் கேட்டார்.

அவர் சொல்லித்தான் தெரிந்தது: வெள்ளிக்கிழமை வீட்டுத்திட்டத்துக்கு ஆள் வந்து பார்க்கும் நாள். அரைகுறைக் கொட்டிலில் இருப்பவர்களுக்கு மட்டும் முழுதாக ஒரு கல்வீடு கட்டித் தரும் திட்டம். யோகாவின் பெயர் பார்வையிடும் கட்டத்துக்கு வந்தது இது மூன்றாந்தரம். முதல் தரம் காணிப் பத்திரம் இல்லை என்று பெயரை வெட்டினார்கள். இரண்டாந்தரம், பார்க்க வந்த அன்று அவர் காய்ச்சலோடு தங்கை வீட்டில் படுத்திருந்தார். வீட்டில் ஆள் குடியிருக்கவில்லை என்று வெட்டினார்கள். இந்தத் தரம் நாள் குறித்த தகவல் வந்ததே திங்கட்கிழமைதான்.

"ஏன் அக்கா நேற்றுச் சொல்லேல்லை?" என்று கேட்டார் ஜெரோம். முகம் வெளிறிப் போயிருந்தது.

"சொன்னனான். நீங்கள் சிரிச்சியள்." என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "கொழும்பிலையிருந்து சாமானோடை வந்து நிக்கிற ஆக்களிட்டை, எனக்கு இதைவிடப் பெரிய வீடு வரப்போகுது, உங்கட தகரம் வேண்டாமெண்டு எப்பிடிச் சொல்லுறது?"

இது நாங்கள் செய்த வேலை என்று போதகரிடம் ஒரு கடிதம் வாங்கித் தருகிறோம் என்றார் ஜெரோம்.

"கடிதத்தை ஆர் படம் எடுக்கிறது தம்பி? அவை வீட்டைத்தான் படம் எடுப்பினம்."

"அப்ப கூரையைக் கழட்டிவிடுறம்."

"கூரை இல்லாட்டி, இஞ்ச ஒருத்தரும் இருக்கேல்லையெண்டு வெட்டுவினம். முந்தியும் அதுதானே நடந்தது? கிடந்த மாதிரியே வேணும்."

படம்பிடித்துக்கொண்டிருந்த பெண்பிள்ளை என் காதருகே வந்து, "அன்ரி, அது பொய் காட்டுற மாதிரி இல்லையா?" என்றாள். யோகாவுக்குக் கேட்டுவிட்டது.

"பத்து வருசம் நான் அதுக்குள்ளதான் இருந்தனான் பிள்ளை. உங்கட கூரைக்குக் கீழ ஒரு நாளும் இருக்கேல்லை. இதிலை எது பொய்?"

அவள் கைபேசியைப் பைக்குள் போட்டாள்.

வியாழன் காலை யோகா வேலைக்குப் போகவில்லை. நாங்கள் 6.30க்கு வந்தோம். சபையின் செய்திமடலில் 'முன்பு', 'பின்பு' என்று போடுவதற்காக எடுத்த படங்கள் என் கைபேசியில் இருந்தன. அந்த 'முன்பு' படங்கள்தான் அன்றைக்கு எங்கள் வரைபடம். எல்லாமே வீட்டின் முன்பக்கத்திலிருந்து எடுத்தவை.

முதல் வேலை பழைய தகரத்தைத் திரும்ப வாங்குவது. மணியண்ணை அதற்குள் ஆட்டுக்கொட்டில் போட்டு முடித்திருந்தார். வாசலில் பெனியனோடு நின்றுகொண்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"குடுத்ததைத் திருப்பிக் கேக்கிற கோயில் ஆக்களை இப்பதான் காணுறன். ஆடு குடிபூந்திட்டுதே, இனி அதையும் எழுப்பவோ?" என்று சிரித்தார்.

"அண்ணை, யோகாக்காவின்ர வீட்டுத்திட்டம் போயிடும்," என்றார் ஜெரோம்.

மணியண்ணையின் சிரிப்பு நின்றது. "அதை முதலே சொல்லுறதுக்கென்ன?" என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு அவரே ஏறினார். "உங்களிலை ஒருத்தருமோ அயலிலை விசாரிக்கேல்லை? நான் முழு நாளும் இந்த வேலிக்கு இஞ்சாலதான் நிண்டனான்."

அன்று முழுவதும் பதினெட்டு வாலிபர்கள் ஓர் ஏழை வீட்டைக் கவனமாகக் கட்டினார்கள். எந்த ரயர் எந்த மூலையில் இருந்தது என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துச் சண்டை பிடித்தார்கள். சுண்ணாம்பின் மேல் குழைத்த மண்ணை அப்பினோம். எரித்த தறப்பாளுக்குப் பதிலாக மணியண்ணை தன்னுடைய கிழிந்த ஒன்றைத் தந்தார். பாட்டு இல்லை. கல்லூரியில் படித்தவள், உலகம் தெரிந்தவள் என்று நினைத்திருந்த நான், ஓட்டை விழுந்த தகரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, இதை எந்தப் பக்கம் வைப்பது என்று கேட்டு நின்றேன். நிலத்தை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. சீமெந்து இறுகிவிட்டது. உடைக்கலாம் என்றார் ஜெரோம். யோகா வேண்டாமென்று பாயை விரித்துவிட்டார்.

மாலை 4.40க்கு வேலை முடிந்தது. யாரும் கைதட்டவில்லை.

வெள்ளி காலை 10.25க்கு ஸ்கூட்டியில் ஒரு பெண் அலுவலர் வந்தார். முப்பது வயது இருக்கும். பிள்ளைகளை மணியண்ணையின் வளவில் நிறுத்திவிட்டு, ஜெரோமும் நானும் வாசல் தெரியும்படி வேலியோரம் நின்றோம். அவர் நான்கு பக்கமும் படம் எடுத்தார். உள்ளே போனார். பாயில் கால் வைத்தார். நின்றார். குனிந்து பாயின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"நிலம் எப்ப போட்டது?"

யோகா வாசல் வழியே எங்களைப் பார்த்தார். பிறகு, "புதன்கிழமை," என்றார்.

நான் வேலியைவிட்டு ஓடினேன். வாசலுக்குப் போய் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். நாங்கள் யார், என்ன செய்தோம், ஏன் திரும்பப் பிரித்தோம், பிழை யாருடையது என்று. சொல்லும்போதே, இந்த மனுசியின் வீட்டை மூன்றாந்தரம் நானே வெட்டுகிறேன் என்ற பயம் வந்துவிட்டது.

அலுவலர் எழுதாமல் கேட்டார். பிறகு யோகாவைப் பார்த்து, "ஏன் கழட்டுவிச்சனீங்கள்?" என்றார்.

"நீங்கள் என்ர பேரை வெட்டிப்போடுவியள் எண்டு பயத்திலை."

அவர் வெளியே வந்து கூரையை நிமிர்ந்து பார்த்தார். "போன மாசம் வேறை ஊரிலை ஒரு வீடு பாத்தனான்," என்றார், எங்களுக்குத்தான். "ஆரோ வந்து கூரை போட்டு, சுவருக்கு மை அடிச்சுக் குடுத்திருக்கினம். நல்ல வீடெண்டு எழுதிப்போட்டு வந்தன். அந்த மனுசி ஒரு சொல்லும் சொல்லேல்லை. தேத்தண்ணி தந்தவா. இப்பதான் எனக்கு விளங்குது."

படிவத்தை விரித்தார். "இதிலை கூரையும் சுவரும்தான் கேட்டுக் கிடக்கு. நிலத்தைக் கேக்கேல்லை." பழைய தகரம், மண்சுவர் என்று எழுதினார். "முடிவு என்ர கையிலை இல்லை. நான் எழுதினது பொய்யில்லை," என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தார்.

சனிக்கிழமை திரும்பினோம். வவுனியா நெருங்கும்போது ஜெரோம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அன்ரி, போன வருசம் செட்டிகுளத்திலை மூண்டு வீடு செய்தனாங்கள்," என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த மூன்று வீடுகளின் 'பின்பு' படங்கள் எங்கள் சபை மண்டபச் சுவரில் தொங்குகின்றன. கொழும்புக்கு வந்ததும் விசாரித்தோம். இரண்டு குடும்பங்கள் தாங்கள் அப்போது எந்த வீட்டுத்திட்டத்துக்கும் காத்திருக்கவில்லை என்றார்கள். மூன்றாவது வீட்டின் கைபேசி இலக்கம் இப்போது பாவனையில் இல்லை. வரும் விடுமுறையில் ஜெரோமும் நானும் நேரில் போகிறோம்.

போகப் போகிறவர்களுக்கு: குழு புறப்படுவதற்கு ஒரு மாதம் முன் இரண்டு பேர் மட்டும் போய் வாருங்கள். போதகரிடம் மட்டும் கேட்காதீர்கள், கிராம சேவகரிடமும் அயலவரிடமும் கேளுங்கள். அந்த வீடு ஏதாவது திட்டத்தில் காத்திருக்கிறதா என்பதுதான் முதற் கேள்வி. வீட்டுக்காரர் இல்லாத நேரத்தில் ஓர் ஆணியும் அடிக்காதீர்கள். திடீர் மகிழ்ச்சி கொடுக்கும் ஆசையை விடுங்கள். கழற்றும் எதையும் எரிக்கவோ கொடுக்கவோ வேண்டாம். யாராவது மறுத்தால் ஏன் என்று கேளுங்கள், கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருங்கள். வெயிலுக்கு உப்புக் கரைசல் பைக்கற்றுகள், கையுறை, ஆணி குத்தினால் ஏற்பு வராமலிருக்கத் தடுப்பூசி எல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஒக்டோபர் கடைசியில் யோகா தொலைபேசியில் எடுத்தார். "அக்கா, வீட்டுத்திட்டப் பேர்ப்பட்டியல் ஒட்டியிருக்கினம். பதினேழாவது என்ரை."

நான் அலுவலகத்தில் இருந்தேன், எழுந்து வெளியே போய் அழுதேன். மறுமுனையில் படபடவென்று ஒரே சத்தம்.

"மழை அக்கா. உங்கட பிள்ளையள் பின்பக்கத் தகரத்தை மாறி வைச்சிட்டினம். பெரிய ஓட்டை முந்தி மற்ற மூலையிலை கிடந்தது. இப்ப நேரே அடுப்புக்கு மேலை. குடையைப் பிடிச்சுக்கொண்டு சமைக்கிறன்." சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தை மாதம் அத்திவாரம் வெட்டுவார்களாம். அதற்கு முன் இன்னொரு தரம் வந்து பார்ப்பார்களாம்.

கிளிநொச்சியில் தெரிந்த பொடியன்கள் இருக்கிறார்கள், தகரத்தை மாற்றிவைக்க அனுப்பட்டா என்று கேட்டேன்.

"ஐயோ அக்கா," என்றார் யோகா, "கல்வீடு எழும்புமட்டும் ஒருத்தரையும் அனுப்பிப்போடாதேங்கோ."