வண்டி இருந்தால்தான் கரண்ட்

குடியிருக்கும் வீட்டு வாசலிலேயே உங்களை யாராவது ‘உஷ்’ என்று நிறுத்தியிருக்கிறார்களா? போன மாதம் என்னை நிறுத்தினார்கள். நிறுத்தியவர் என் ஹவுஸ் ஓனர் சரோஜாக்கா.

விஷயத்தைக் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன்.

கேளம்பாக்கத்தில் நாங்கள் இருப்பது மாடி போர்ஷன். கரண்ட், தண்ணீர், வைஃபை — எல்லாம் வாடகையிலேயே அடக்கம். இப்படி ஒரு வீடு கிடைத்தால் விடுவோமா? ஏசி போட்டுப் போர்வைக்குள் படுக்கும் கனவோடு அன்றே அட்வான்ஸ் கொடுத்தேன்.

சரோஜாக்கா கீழே இருக்கிறார். தங்கமான மனுஷி. ஆனால் பாம்புக் காது. ஆளில்லாத ரூமில் ஃபேன் சுற்றினால் கீழேயிருந்தே கண்டுபிடித்துவிடுவார். “இன்னா தம்பி, பேய்க்கா காத்து வுட்டுகினு கீற?” என்று படிக்கட்டில் குரல் வரும். பில் கட்டுவது அவர்... கேட்கத்தானே செய்வார்!

இதற்கிடையில் எங்கள் ஃப்ரிட்ஜுக்கு ஏதோ வியாதி. குடும்பத்தோடு வண்டியில் வெளியே போய்விட்டு வந்தால் ஐஸ்க்ரீம் பாயசமாகியிருக்கும், பால் திரிந்திருக்கும். மெக்கானிக் வந்து குடைந்து பார்த்தார். “நல்லாத்தான் சார் கீது” என்று சொல்லி, விசிட்டிங் சார்ஜ் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

போன மாதத்துக்கு வருவோம். என் மனைவி மாலதி, பையன் பிறந்தபோது வேலையை விட்டவள். மறுபடி எங்கே கேட்டாலும் “இவ்ளோ கேப் ஏன்?” என்ற கேள்வியோடு கதை முடிந்துவிடும். இந்த முறை கடைசி ரவுண்டு வரை வந்துவிட்டாள். ஆன்லைன் இன்டர்வியூ. முந்தின நாளிலிருந்தே அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

“நீங்க வீட்ல இருந்தா எனக்குப் பேச்சே ஓடாது. எங்கேயாவது போயிட்டு வாங்க!”

ஆபீஸுக்கு நான் கம்பெனி பஸ்; வண்டியை எடுப்பது குடும்பத்தோடு வெளியே போகத்தான். அன்று தனியாக அதை எடுத்துக்கொண்டு திருவிடந்தை பெருமாளிடம் போனேன். கல்யாணம் கூடிவர வேண்டும் என்று மாலையும் கையுமாக நிற்கும் கூட்டத்தில், பெண்டாட்டிக்கு வேலை கேட்டு நின்ற ஒரே ஆள் நான்தான்.

திரும்பி வந்தால்... கேட்டில் சரோஜாக்கா, உதட்டில் விரலோடு. எதிரே கூடையுடன் மீன்காரம்மா.

“நெத்திலியும் வாணாம், இன்னாவும் வாணாம். கூவாம போ. உள்ள பொண்ணு வேலைக்குப் பேசிகினு கீது!”

எட்டிப் பார்த்தேன். சரோஜாக்காவின் ஹாலில், அவருடைய ஏசியில் உட்கார்ந்து மாலதி லேப்டாப்பைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். மாடியில் இருக்க வேண்டியவள் இங்கே எப்படி?

அக்கா என்னை ஓரமாக இழுத்தார். முகம் வாடியிருந்தது.

“தப்பு என்துதான் நைனா. கீழ உன் வண்டிய காணோம். வூட்ல ஆளு இல்லன்னு நெனச்சி மேல் வூட்டு மெயின ஆஃப் பண்ட்டேன். எப்பவும் பண்றதுதான்...”

எப்பவுமா?! எங்கள் ஃப்ரிட்ஜின் வியாதி அந்த நொடியே குணமாகிவிட்டது.

எங்கள் லேப்டாப்பின் பேட்டரி செத்து ரொம்ப நாளாகிறது. பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஸ்க்ரீன் கறுத்துவிட, மாலதி அழுதுகொண்டே கீழே ஓடியிருக்கிறாள். பதறிப்போன அக்கா டீவியை நிறுத்தி, குக்கரை இறக்கி வைத்து, அவளைத் தன் வீட்டிலேயே உட்கார வைத்து, வாசலுக்குக் காவல் வந்துவிட்டார்.

எனக்குக் கோபம் வரவில்லையா? நன்றாகவே வந்தது. வேலை கிடைக்காவிட்டால் வீட்டைக் காலி செய்வது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

கிடைத்துவிட்டது! அதுவும் வீட்டிலிருந்தே வேலை. மெயில் வந்ததும் மாலதி முதலில் ஓடியது என்னிடம் இல்லை, கீழே. எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

இனி பகலெல்லாம் ஏசி ஓடுமே என்று அக்காவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். “ஓடட்டும் வுடு. பொண்ணு வேல பாக்க சொல்ல வேர்க்கலாமா?” என்றார். முந்தைய வீடுகளில் தனி மீட்டர் வைத்து, நாங்களே பில் கட்டி வாழ்ந்த காலத்தில் எங்களுக்கு வேர்க்கிறதா என்று யார் கேட்டார்கள்?

இந்தத் திங்கட்கிழமை மாலதிக்கு வேலையில் முதல் நாள். காலையிலிருந்தே நல்ல மழை. ஜன்னலைத் திறந்து வைத்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் கதவு தட்டும் சத்தம். வெளியே சரோஜாக்கா, முகமெல்லாம் பதற்றம்.

“இன்னா கண்ணு, ஏசி சத்தத்தையே காணோம்? வேல போயிடுச்சா?”

அன்று முழுக்க ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஏசியை ஓடவிட்டோம்!