கிருபாவதி வரைந்த வடக்கு அறை

கம்பத்தில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ஜான் பீட்டர் என்கிற நான் இதை வயிற்றெரிச்சலோடுதான் எழுதுகிறேன். அந்த எரிச்சலில் பாதி என் மேலேயே.

அனுமந்தன்பட்டி கிருபாவதியை அதிகம் பேருக்குத் தெரியாது. அவள் வரைந்த வீடுகளை எல்லோருக்கும் தெரியும். உத்தமபாளையத்திலிருந்து கூடலூர் வரை வீடு கட்டுகிறவர்கள் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும் முன்பே ஒரு கலர் படத்தை வைத்துக்கொண்டு, "இப்படித்தான் வரப்போகுது" என்று சம்பந்தி வீட்டாரிடம் பீற்றிக்கொள்வார்கள். எலிவேஷன் என்று அதற்குப் பேர். படத்தின் கீழே பேர் போட்டுக்கொள்வது இஞ்சினியர். கம்ப்யூட்டரில் சுவர் எழுப்பி, வெயில் விழவைத்து, வாசலில் கார் வரை நிறுத்துவது கிருபாவதி.

அந்த வேலை சாதாரண லேப்டாப்பில் ஓடாது. அதனால் கேமிங் லேப்டாப் வாங்கினாள். கீபோர்டில் சிவப்பும் பச்சையுமாக லைட் எரியும். அதைப் பார்த்ததுமே, மருமகள் உட்கார்ந்து விளையாடுகிறாள் என்று புகுந்த வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். அவள் விளையாடிச் சம்பாதித்ததையும் சேர்த்துத்தான் பைபாஸ் பக்கம் புது வீடு எழும்பியது. அதை மட்டும் யாரும் வாய்தவறிக்கூடச் சொன்னதில்லை.

அந்த வீட்டின் பிளானையும் அவள்தான் போட்டாள். வடக்குப் பக்கம் பத்துக்குப் பத்தில் ஓர் அறை. எதிரெதிராக இரண்டு ஜன்னல். மலைக்காற்று ஒன்றில் நுழைந்து மற்றதில் வெளியேற வேண்டும். "அண்ணே, எனக்கும் மிஷினுக்கும்னு ஒரு ரூம் போட்டுட்டேன்" என்று போனில் சொன்னபோது அவள் குரலில் இருந்த சந்தோஷம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

பால் காய்ச்சிய மறுநாள் அந்த அறைக்குள் ஏலக்காய் மூட்டைகள் வந்து இறங்கின. அவள் புருஷன் சுரேஷ்கண்ணன் மலையிலிருந்து ஏலக்காய் வாங்கி, விலை ஏறும்வரை வைத்திருந்து விற்கிறவன். வெயிலும் வெளிச்சமும் பட்டால் காயின் பச்சை மங்கிவிடுமாம். இரண்டு ஜன்னலையும் பிளைவுட் அடித்து மூடி, ஏசியும் மாட்டினான். கிருபாவதிக்கு மொட்டைமாடியில் தகர ஷீட் போட்ட அறை.

மனிதனுக்கு இல்லாத ஒரு புத்தி பிராசஸருக்கு உண்டு. சூடு தாங்காவிட்டால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேலே போனால் அணைந்துவிடும். அந்தத் தகரத்துக்குக் கீழே, முக்கால் மணி நேரத்தில் முடிய வேண்டிய படம் மூன்று மணி நேரம் இழுத்தது. நான் விசிறியைக் கழற்றித் தூசி எடுத்தேன். பிராசஸர் சூட்டை இறக்கத் தடவும் பேஸ்ட்டை மாற்றினேன். அடியில் காற்றுப் போக அவளே டைல்ஸ் துண்டுகளை முட்டுக் கொடுத்திருந்தாள். ஒன்றும் எடுபடவில்லை. உள்ளே போகிற காற்றே அனலாக இருந்தால் விசிறி என்ன செய்யும்?

மூன்றாம் தடவை போனபோது கிருபாவதி மெதுவாகச் சொன்னாள்: "நான் சொன்னா அவுக காதுல ஏறாதுண்ணே. நீங்க தொழில் தெரிஞ்சவரு. கோளாறு மிஷின்ல இல்ல, ரூம்லதான்னு ஒரு வார்த்த சொல்லுங்க."

சுரேஷ்கண்ணனே மேலே ஏறி வந்தான். "என்னண்ணே கம்ப்ளைண்ட்டு?" என்றான். ஸ்கிரீனில் தொண்ணூற்றேழு டிகிரி ஓடிக்கொண்டிருந்தது. அவள் என் முகத்தையே பார்த்தாள். புருஷன் பொண்டாட்டி விவகாரத்தில் தலையைக் கொடுப்பானேன் என்று எனக்குப் பட்டது. "புதுசா பேஸ்ட் போட்ருக்கேன் தம்பி, ஓடும்" என்று சொல்லிவிட்டேன். கிருபாவதி கீழே இறங்கிப் போனாள். நான் செய்தது பச்சைக் கோழைத்தனம்.

சித்திரையில் குமுளி ரிசார்ட் ஒன்றுக்குப் பன்னிரண்டு படம் கேட்டார்கள். அவளுக்கு அதுவரை வந்ததிலேயே பெரிய வேலை. நான்கு படம் முடிவதற்குள் லேப்டாப் ஒன்பது தடவை அணைந்தது. இஞ்சினியர் இரண்டு தவணை பொறுத்துப் பார்த்துவிட்டு, வேலையை மதுரைக்கு அனுப்பிவிட்டார். அதன்பிறகு அவளுக்கு ஒரு போனும் வரவில்லை.

ஆனி மாதம் சுரேஷ்கண்ணன் என்னைக் கூப்பிட்டான். ஏலக்காய் அறைக்குக் கேமரா மாட்ட வேண்டுமாம். கதவைத் திறந்ததும் முகத்தில் குளிர்ச்சி அடித்தது. தரையில் நான்கு பெண்கள் காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று பேர் கூலிக்கு வந்தவர்கள். நான்காவது ஆள் கிருபாவதி.

"சும்மாதான இருக்கா, அதான் இங்கன உக்காரச் சொல்லிட்டேன்" என்றான் அவன்.

நான் ஏணியில் ஏறினேன். அவள் நிமிராமலே கேட்டாள்.

"அண்ணே, இந்த ரூம்ல வச்சு ஓட்டிருந்தா எத்தன டிகிரி காட்டிருக்கும்?"

"எண்பதத் தாண்டிருக்காதும்மா."

"அப்ப பன்னெண்டு படமும் முடிஞ்சிருக்கும்" என்றாள். அவள் கை நிற்கவில்லை. பச்சைக் காய் ஒரு பக்கம், வெளிறியது ஒரு பக்கம்.

சுரேஷ்கண்ணன் கீழேயிருந்து குரல் கொடுத்தான்: "கேமராவ இன்னுங் கொஞ்சம் இறக்கி வைங்கண்ணே. காயி மடிக்குள்ள போயிருது. நாலு பேரு கையும் தெளிவாத் தெரியணும்."

நான் இறக்கி வைத்தேன்.