எர்த் குழியில் இரண்டு மூட்டை உப்பு

ஷூ கம்பெனியில் என் வேலை குறை கண்டுபிடிப்பது. தையல் ஒரு நூல் விலகியிருந்தாலும் எடுத்து ரிஜெக்ட் பெட்டியில் போட்டுவிடுவேன். லைனில் இருக்கும் பெண்களுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. மாதனூரில் நான் கம்பெனி பஸ்ஸில் ஏறும்போதே, "வந்துட்டா பாரு, பூதக்கண்ணாடி" என்று என் காதில் விழும்படி சொல்வார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இப்போது இல்லை.

அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் உப்பு குடோன் ஆள். பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்புத் தடவித்தான் லாரியில் வரும். அதை உதறி, தரம் பார்த்து அடுக்குவது அவர் வேலை. அம்மா காலமான பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அவர் வேலையிலிருந்து நின்ற வருஷமே கண் மங்க ஆரம்பித்தது. வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். கண் நரம்பு பட்டுப்போய்விட்டது, போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார்கள். சொட்டு மருந்து ஒரு வேளைகூடத் தவறவில்லை. இருந்ததும் மெல்ல மெல்லப் போய்விட்டது.

நான் காலையில் ஏழு மணிக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவேன். அதுவரை அவர் தனி. டிவி ரிமோட்டில் எல்லாப் பொத்தானும் ஒரே மாதிரி இருக்கும். எதையோ அமுக்கி, எங்கேயோ போய் மாட்டிக்கொள்ளும். நான் வந்து சரி செய்கிறவரை பேச்சு மூச்சில்லாத டிவிக்கு எதிரில் உட்கார்ந்திருப்பார். "பக்கத்து வூட்ல யாரையாவது கூப்பிட வேண்டியதுதானப்பா?" என்றால், "எதுக்கு அவங்கள பேஜார் பண்ணிக்கினு" என்பார். யாரையும் கூப்பிடாமல் அவரே போட்டு, அவரே நிறுத்தி, அவரே சத்தம் வைத்துக்கொள்கிற ஒரு பொருள் அந்த வீட்டில் வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அதற்காகத்தான் ஹோம் தியேட்டர் வாங்க முடிவு செய்தேன். வீட்டுக்கு வந்தவர்கள் அதை ஆடம்பரம் என்று நினைத்துக்கொண்டார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

வேலூர் பஜாரில் கடைக்காரர் பளபளப்பான பெட்டிகளாகக் காட்டினார். எல்லாம் தொட்டால் வேலை செய்கிற கண்ணாடித் தகடு. பார்வையில்லாதவர் கண்ணாடியில் எங்கே தொடுவார்? கடைசியில், டிவியையும் ரேடியோவையும் பாட வைக்கிற ஓர் ஆம்ப்ளிஃபயர் கிடைத்தது. முகப்பில் ஒரு பெரிய பொத்தான், சத்தம் கூட்டிக் குறைக்க இரண்டு அலுமினியத் திருகு, விளிம்பில் வரிவரியாகக் கோடு. கண்ணை மூடிக்கொண்டு நான் தடவிப் பார்த்தேன். விரலுக்கு நன்றாகப் பிடி கிடைத்தது.

ஒயர் எடுக்கும்போது கடைக்காரரை ஒரு வழி பண்ணிவிட்டேன். தோலின் தடிமன் பார்க்கும் கேஜைக் கம்பெனியிலிருந்து பையில் எடுத்துப் போயிருந்தேன். ஸ்பீக்கர் ஒயரின் நுனியைச் சீவி, உள்ளே இருக்கும் கம்பியை அளந்தேன். பிளேடால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளையாக அலுமினியம். ரிஜெக்ட். அடுத்தது. அதுவும் ரிஜெக்ட்.

"இன்னாம்மா, ஒயர் வாங்க வந்தியா, நகை வாங்க வந்தியா?" என்றார் அவர்.

நாலாவது சுருளில்தான் சுத்தமான செம்பு வந்தது. எங்கள் பக்கம் கரண்ட் ஒரு சமயம் ஜாஸ்தி, ஒரு சமயம் கம்மி. அதனால் ஸ்டெபிலைசர் ஒன்று. திடீரென்று ஏறி வருகிற கரண்டைத் தடுக்க, பிளக் சொருகும் ஸ்பைக் கார்டு ஒன்று. பின்னைப் பிடித்து ஆட்டி, சுவிட்சை இருபது தடவை போட்டு அணைத்துப் பார்த்துதான் வாங்கினேன்.

மாட்ட வந்த ஒயர்மேன் சுவரில் இருந்த பிளக்கைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "அக்கா, இவ்ளோ வாங்கினிங்க, வீட்டுக்கு எர்த்தே இல்லியே. எர்த் இல்லாம இதெல்லாம் சும்மா பொம்மை." மறுநாளே வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டினார். நடுவில் இரும்புக் குழாயை இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்ட வேண்டும் என்றார்.

உப்பு என்றதும் அப்பா எழுந்து நின்றார். "உப்பு கடையில வாங்காத பாப்பா. குடோன்ல மலை மாரி கெடக்குது. நான் சொன்னா குடுப்பாங்க." பார்வை போனபின் அவர் வீட்டுக்கு ஒன்று கொண்டுவருகிறேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. ஆட்டோவில் போய், பழைய ஆட்களிடம் பேசிச் சிரித்து, தோலிலிருந்து உதறிய உப்பு இரண்டு மூட்டையோடு வந்தார். முகத்தில் அப்படி ஒரு தெளிவு. "கொஞ்சம் போதும் பெரியப்பா" என்றார் ஒயர்மேன். "போடு தம்பி, ஜாஸ்தியா இருந்தா நல்லதுதான" என்று அப்பா நின்று இரண்டு மூட்டையையும் கொட்ட வைத்தார். நான் தடுக்கவில்லை. உப்பில் என்ன குறை கண்டுபிடிப்பது?

இரண்டு வருஷம் நன்றாகப் போயிற்று. அந்த இரண்டு வருஷத்தை நான் குறைத்துச் சொல்லக் கூடாது. நான் வரும்போது தெருமுனையிலேயே பாட்டுக் கேட்கும். படம் ஓடும்போது பின்னால் இருக்கும் ஸ்பீக்கர் பக்கம் தலையைத் திருப்பி, "வில்லன் வண்டி இப்டிதான் வருது" என்று எனக்குச் சொல்வார். சண்டைக் காட்சியில் அவரே சத்தத்தை ஏற்றிவைப்பார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து குறைக்கச் சொன்ன நாளில், பெரிய ரவுடி மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்தார்.

ஒரு நாள் மட்டும், "பாப்பா, பொட்டி லேசா கடிக்குது" என்றார். நானும் துடைக்கும்போது ஒரு தரம் சுர்ரென்று உணர்ந்திருந்தேன். கம்பெனியில் தையல் மிஷினே சில நாள் அப்படிக் கடிக்கும், யாரும் கண்டுகொள்வதில்லை. "கை ஈரமா இருந்திருக்கும்பா" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். ஒரு நூல் விலகினால் ஷூவைத் தூக்கிப் போடுகிறவள் நான்.

மழைக்காலம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வீடு துடைத்துவிட்டு வாசலில் துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன். உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதற்கிடையில் "ம்ம்ம்" என்று ஒரு சத்தம். கத்தல்கூட இல்லை. எட்டிப் பார்த்தால் ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கிறார். கை திருகில் ஒட்டிக்கொண்டு, தோள் வெடவெடவென்று ஆடுகிறது. ஓடிப் போய் மெயினை அணைத்தேன். கை விட்டது. அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தார்.

பிறகு முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி, "யாரு அடிச்சது?" என்று கேட்டார்.

எனக்கு இன்றுவரை அந்தக் கேள்வியைத் தாங்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்திருந்து, இதயத்துக்கு ஒன்றும் இல்லை என்று அனுப்பினார்கள். விரல் இரண்டில் வெள்ளையாகத் தழும்பு. ஒயர்மேனைக் கூப்பிட்டேன். ஸ்டெபிலைசருக்குள் ஒரு ஒயர் தேய்ந்து அதன் இரும்புக் கூட்டைத் தொட்டிருந்தது. எர்த் ஒழுங்காக இருந்திருந்தால் அந்தக் கரண்ட் மண்ணுக்குள் போயிருக்கும், ஃபியூஸும் போயிருக்கும். போக வழியில்லாமல், நான் பார்த்துப் பார்த்து வாங்கிய ஸ்பைக் கார்டின் எர்த் கம்பி வழியாகவே பெட்டிக்கு வந்து, அந்த அலுமினியத் திருகில் நின்றிருக்கிறது.

குழியைத் தோண்டினார். குழாயை இழுத்தபோது கையோடு பாதிதான் வந்தது. மீதி செதில் செதிலாக உதிர்ந்து கிடந்தது. "உப்பு அரிச்சிருக்குதுக்கா. இந்தப் பக்கம் மண்ணுலயே உப்புதான். அன்னிக்கு ஒரு பிடி போட்டிருந்தா போதும். ரெண்டு மூட்டை போட்டுட்டோம்" என்றார். சொன்ன பிறகுதான், பின்வாசற்படியில் அப்பா நிற்பதை இரண்டு பேரும் பார்த்தோம்.

"நான் கொண்டாந்த உப்பு" என்றார் அப்பா.

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். எல்லாருக்கும் பங்கு உண்டு என்றாவது, எனக்குத்தான் பெரிய பங்கு என்றாவது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இப்போது செம்புக் கம்பியில் புது எர்த் போட்டாயிற்று. கரண்ட் கொஞ்சம் கசிந்தாலும் மெயினே விழுந்துவிடுகிற சுவிட்சும் மாட்டியாயிற்று. திருகுக்குப் பிளாஸ்டிக் உறைகூடப் போட்டேன். "ஒண்ணும் பண்ணாதுப்பா, தொட்டுப் பாரு" என்று அவர் கையைப் பிடித்துக் கொண்டுபோனேன். முக்கால் தூரம் வந்தது கை. அதற்குமேல் வரவில்லை. "நீயே வெச்சிட்டுப் போ பாப்பா" என்றார். நான் வற்புறுத்தவில்லை.

அதனால் காலையில் பஸ்ஸுக்குப் போகுமுன் நானே போட்டுவிட்டுப் போகிறேன். என்ன ஓடுகிறதோ அதைக் கேட்டுக்கொண்டு இருப்பார். ஆனால் கரண்ட் போய் வந்தால் அந்தப் பெட்டி தானாகப் பாடாது, ஒரு தடவை பொத்தானை அமுக்க வேண்டும். சில நாள் நான் திரும்பும்போது தெருமுனையில் சத்தம் இருக்காது. உள்ளே போனால் கையிரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு பெட்டிக்கு எதிரில் உட்கார்ந்திருப்பார்.

"எப்பப்பா கரண்ட் போச்சு?" என்று கேட்பேன்.

"இப்பதான் பாப்பா, நீ வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி" என்பார்.

பக்கத்து வீட்டில் கேட்டால், காலை எட்டு மணிக்கே போய் வந்துவிட்டது என்கிறார்கள்.