அக்கா பங்குக்குப் போன நிலைவாசல்

ஆத்தங்கரைத் தெருவுல கடைசி வூடு எங்க வூடு. வெள்ளைக்காரன் காலத்துல, ஜவ்வாது மலையிலேர்ந்து புளியும் மரமும் இறக்கி வித்த ஒரு முப்பாட்டன் கட்டினது. முட்டை வெள்ளைக்கரு போட்டு இழைச்ச சுண்ணாம்புச் சுவரு, சித்திரை வெயில்ல கன்னத்தை வச்சா ஜில்லுன்னு இருக்கும். எல்லாத்துக்கும் மேல, தெருப்பக்கத்து நிலைவாசல். முழுத் தேக்கு. மேல் சட்டத்துல ரெண்டு பக்கமும் கிளி, நடுவுல தாமரை. ஆத்துல வெள்ளம் வந்து படி மேல ஏறினப்பகூட அந்த நிலை அசையலன்னு சொல்லுவாங்க.

எங்க வூடுன்னு சொல்றேனே, அதுலயே பாதிப் பொய்யி. பின்னாடி பாதிதான் என்னுது. நிலைவாசல் இருக்கற முன்பாதி, என் வூட்டுக்காரரோட அண்ணன் பொண்டாட்டிது. கூப்பிடறது அக்கான்னு. மனசுக்குள்ள அவ, இவதான்.

எங்க ஜனத்துல பாகம் பிரிச்சா, பெரியவரு ரெண்டு பங்கா வைக்கணும், சின்னவரு முதல்ல எடுக்கணும். அண்ணன் ஏமாத்திடக் கூடாதுன்னு வச்ச வழக்கம். என் வூட்டுக்காரருதான் சின்னவரு. "முன்கட்டைக் கேளுங்க, முன்கட்டைக் கேளுங்க"ன்னு காலையிலேர்ந்து காதுல ஓதித்தான் அனுப்பினேன். பங்காளிங்க அத்தனை பேரு முன்னாடி மனுஷன் இன்னா சொன்னாரு தெரியுமா? "எனக்குப் பின்கட்டு போதும். கிணறு அங்கதான் இருக்கு, மாட்டுக்குத் தண்ணி காட்ட வசதி." அட கடவுளே! மாடு போய்டுச்சு, கிணறும் தூந்து போச்சு, வயித்தெரிச்சல் மட்டும் போகல. நடுக்கூடத்துல செங்கல் சுவரு எழும்புச்சு. எங்களுக்கு சந்துப்பக்கம் இடிச்சு ஒரு இரும்பு கேட்டு வச்சோம்.

வெள்ளிக்கிழமையானா அவ நிலைக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வச்சு, பூ சொருகுவா. நானும் விடுவேனா? கேட்டுக்கு மஞ்சள் பூசினேன். அன்னிக்கே மழை வந்து துருவும் மஞ்சளுமா ஒழுகி, பார்க்கவே சகிக்கல.

போன வருஷம் கட்டடம் பத்திப் படிக்கற புள்ளைங்க மெட்ராஸ்லேர்ந்து வந்து, அந்த நிலையை டேப் பிடிச்சு அளந்துச்சுங்க. அவ மோர் குடுக்கறதும் போட்டோவுக்கு நிக்கறதுமா ஒரே அமர்க்களம். பட்டுப்புடவை வேற! சாதாரண செவ்வாக்கிழமையில எந்த மவராசி பட்டு கட்டுவா? பொறுக்க முடியாம சந்துல நின்னு, "இதுவும் அதே வூடுதாங்க, உள்ள வந்து பாருங்க"ன்னு கூப்பிட்டேன். ஒரு பொண்ணு மட்டும் வந்துச்சு. "ஆன்ட்டி, பாத்ரூம் எங்க இருக்கு?"ன்னு கேட்டுச்சு. போய்ட்டு, தேங்க்ஸ் சொல்லிட்டு, அந்தப் பக்கமே போய்டுச்சு. அப்புறம் நிலையைப் படமா வரைஞ்சு கண்ணாடி போட்டு அனுப்பிச்சுங்க. இப்ப அது அவ கூடத்துல, நுழையறவங்க மூஞ்சிக்கு நேரா தொங்குது.

இந்தத் தையில என் பொண்ணுக்குக் கல்யாணம் கூடிச்சு. ஜமுனாமரத்தூர்ல வேலை, தினம் மலை பஸ்ஸுல போய்ட்டு வர்றவ. எனக்கிருக்கறது ஒரே பொண்ணு. இந்த வூட்டுல பொறந்த பொண்ணுங்க அத்தனை பேரும் அந்த நிலைவாசல் தாண்டித்தான் புருஷன் வூட்டுக்குப் போயிருக்காங்க. என் பொண்ணு மட்டும் இரும்பு கேட்டுலயா போவா?

"ம்மா, கேட்டுலயே போய்டறேன். ஆயில் போட்டு வை, கிறீச்சுன்னு கத்துது"ன்னு அவளுக்குக் கிண்டல்.

"வாயை மூடுடி"ன்னேன்.

இத்தனை வருஷமா ஒரு கொத்து கறிவேப்பிலைக்குக்கூட அவ படி ஏறாதவ நான். ஏறினேன். அவ புளி கொட்டை எடுத்துக்கிட்டு இருந்தா. "அக்கா, பொண்ணை உங்க வாசல் வழியா..."ன்னு இழுத்தேன்.

"இன்னாடி கேள்வி இது? நம்ம பொண்ணு வேற எந்த வாசல்ல போவா?"ன்னா.

முடியாதுன்னு சொல்லியிருந்தா நல்லா நாலு கேட்டுட்டு வந்திருப்பேன். இப்படிச் சொன்னதுதான் இன்னும் எரிஞ்சிச்சு.

படவேட்டுக் கோயில்ல தாலி கட்டி, வூட்டுல சாப்பாடு முடிஞ்சு, சாயந்தரம் பொண்ணை அனுப்பற நேரம். நிலைக்கு மாவிலை கட்டி, படியில கோலம் போட்டிருந்துச்சு. நான் அரக்குப் பட்டு கட்டிக்கிட்டு நிலை மேல கை வச்சு நின்னேன். அன்னிக்கு ஒரு நாள் அது என் வாசல். அப்பதான் பங்காளி வூட்டுப் பெரியம்மா ஒருத்தங்க, "மடி கட்ட வாசலுக்கு உடையவ வாம்மா"ன்னு குரல் குடுத்தாங்க.

நிலை மேல வச்ச கையை எடுத்துட்டேன். வூட்டை விட்டுப் போற பொண்ணோட முந்தானையில அரிசி, வெல்லம், மஞ்சள் முடிஞ்சு, கையைப் பிடிச்சுப் படி தாண்ட வைக்கறது அந்த வாசலுக்கு உடையவ. என் நாத்தனாரை மாமியாரு அப்படித்தான் அனுப்பினாங்க, பக்கத்துல நின்னு பார்த்தவதானே நான்? கிளியையும் தாமரையையுமே பார்த்துக்கிட்டு இருந்ததுல இது என் புத்தியில ஏறவே இல்ல. கேட்டுலயே அனுப்பியிருந்தா நான் கட்டியிருப்பேன்.

அவ மொறத்தோட வந்தா. ரெண்டும் பசங்களா பெத்தவ, முடிச்சை ரெண்டு தரம் இழுத்துப் பார்த்து மடி கட்டினா. என் பொண்ணு நிலையைத் தொட்டுக் கும்பிட்டா. நிமிர்ந்தவ, "பெரிம்மா"ன்னு அவ தோள்ல விழுந்து அழுதா பாருங்க, அப்படி ஒரு அழுகை. கையில கற்பூரத் தட்டோட நான் பக்கத்துல நின்னேன்.

என்கிட்ட வர்றப்ப கண்ணைத் துடைச்சு முடிச்சிருந்தா. "வர்றேம்மா. பிரஷர் மாத்திரையை மறக்காம போடு"ன்னா. கார்ல ஏறிட்டா.

"உள்ள வா, காப்பி குடிச்சுட்டுப் போ"ன்னு அவ கூப்பிட்டா. கேக்காத மாதிரி சந்துல சுத்திக்கிட்டு வந்து கேட்டைத் திறந்தேன். ஆயில் போட்டிருந்ததால சத்தமே இல்ல.

நிலையை அவளே வச்சுக்கட்டும். கிளியும் வேணாம், தாமரையும் வேணாம். என் பொண்ணோட அந்த முதல் அழுகை என்னுது. அதை எந்தப் பங்காளிங்களைக் கூட்டி, எப்படிப் பாகம் கேக்கறது?