மாமா உள்ளே போகாத ஆஸ்பத்திரி

நான் வெளிநாட்டுக்குக் கிளம்பிய அதே செவ்வாய்க்கிழமைதான் மாமாவுக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன். மாமா என்றால் அக்காவின் கணவர், லிஃப்ட் மெக்கானிக். என் பெரிய பையைப் பைக்கின் முன்னால் வைத்துக்கொண்டு, "உன்னை ஏத்தி விட்டுட்டு நேரா ஆஸ்பத்திரிதான், ஊர்சுத்தி" என்றார்.

அக்காவுக்கு இரண்டு பிள்ளைகளும் வயிற்றைக் கிழித்து எடுத்தவை. மூன்றாவது உண்டானால் அவள் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாத்திரை அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. "உங்களுக்குச் சின்ன வேலைதானே" என்று அவள் கேட்க, மாமா தலையாட்டியிருந்தார்.

பத்தாவது மாடியில் கம்பியைப் பிடித்துத் தொங்குகிற ஆள் அவர். வேலையில் மகா கறார். பழுது பார்த்த லிஃப்ட்டை முதலில் காலியாக ஓட்டுவார். பிறகு தான் மட்டும் ஏறுவார். அதற்கப்புறம்தான் மற்றவர்களை விடுவார். கூட்டாளிகள், "ஸ்பிரிங்கைக் கழட்டிட்டா அப்புறம் மாடி ஏற முடியாதுண்ணே" என்று சீண்டினால் சிரித்துவிட்டுப் போவார். அது அவருக்குள் தைத்தது யாருக்கும் தெரியவில்லை.

இரண்டு வருடம் சுற்றிவிட்டு வந்தேன். அக்கா பாதியாகியிருந்தாள். அவள் பிள்ளைகளை அழைத்துவரப் போன நேரத்தில், மாமா பாத்திரம் தேய்த்தபடியே சொன்னார்.

"போன வருஷம் மறுபடி உண்டாயிட்டா. நாலாம் மாசம் கலைஞ்சு ஒரே ரத்தம். பொழைச்சதே பெருசு."

"அப்ப ஆபரேஷன்?"

குழாயை மூடினார். "உன்னை விட்டுட்டுப் போறதுக்குள்ள டாக்டர் கிளம்பிட்டார்னு உங்கக்காகிட்ட சொன்னேன். பொய். ஆஸ்பத்திரி வாசல்ல பைக்லயே உக்காந்திருந்தேன். ஸ்டாண்டுகூடப் போடல. அப்புறம் நாளைக்கு, அடுத்த வாரம்னு..."

"இப்பவாவது போலாமே மாமா."

"இப்பப் போனா, இவ்வளவுதானா, இதை அன்னிக்கே பண்ணியிருக்கக் கூடாதான்னு நினைப்பாளே. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போறது?"

"இன்னொரு தடவை உண்டானா, அந்த மூஞ்சியைப் பாக்க அவ இருக்க மாட்டா."

தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தார்.

வேறு ஊரில் வேலை கிடைத்து அடுத்த மாதமே கிளம்பினேன். அதே பை. மாமா தூக்க வரவில்லை. "கொஞ்ச நாளைக்கு வெயிட் தூக்கக் கூடாதுன்னுட்டார் டாக்டர்" என்று சுவரிடம் சொன்னார். "நல்ல சாக்கு கிடைச்சிருக்கு உங்க மாமாவுக்கு" என்று அக்கா பையின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். ஆஸ்பத்திரி வாசல் விஷயத்தை அவளிடம் சொன்னீர்களா என்று மாமாவிடம் கண்ணால் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

பல மாதங்கள் கழித்து ஒரு மத்தியானம் மாமாவிடமிருந்து செய்தி வந்தது.

"ஆபரேஷன் பலிச்சுதான்னு பாத்த டெஸ்ட் ரிசல்ட் வந்துடுச்சு. இனி பயமில்லையாம். டெஸ்ட் பண்ணாம நம்பக் கூடாதுன்னார் டாக்டர். எனக்கே லிஃப்ட் பாடம் எடுக்கிறார். பைக்ல உக்காந்திருந்ததையும் அவகிட்ட சொல்லிட்டேன். ரெண்டு நாளா பேச்சில்ல. இன்னிக்குக் காலைல, அவ்வளவு பயமா இருந்துச்சான்னு கேட்டா. ஆமான்னேன். அங்கிருந்து ஒரு போன் பண்ணியிருந்தா நானும் வந்து கூட உக்காந்திருப்பேனேன்னா."