ஆசிட் விடாத பாட்டில்

ஏழு வருஷமாக முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறவளை யார் மதிப்பார்கள்? இவள் படித்து முடிப்பதற்குள் தன் பல்லெல்லாம் கொட்டிவிடும் என்று அம்மாவே வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். பெயின்ட் தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த தெருவில் அவளுக்குப் பாட்டில்காரி என்று பெயர். மாதம் ஒருமுறை பை நிறையப் பாட்டிலோடு வந்து கிணற்றுத் தண்ணீர் பிடித்துப் போவாள். அதில் ஈயம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி.

வேலையில் படு சுத்தம். பிடித்த தண்ணீர் கெடாமல் இருக்க, ரப்பர் குமிழ் வைத்த கண்ணாடிக் குழாயால் ஒவ்வொரு பாட்டிலிலும் நாலு சொட்டு ஆசிட் விடுவாள். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பாட்டிலில் மட்டும் காய்ச்சி வடித்த சுத்தத் தண்ணீர் இருக்கும். அதற்கு ஆசிட் விடமாட்டாள். சுத்தத் தண்ணீரில் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்று நினைத்தாள். அங்கேதான் கோட்டைவிட்டாள்.

கிணற்றுத் தண்ணீர் ஈயம் காட்டியது, சுத்தத் தண்ணீர் காட்டவில்லை. மூன்றாம் வருஷத்துக்குமேல் அவளால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. கிணற்றடி வீட்டுத் தையல்காரி, வரும்போதெல்லாம் உட்காரவைத்து டீ கொடுக்கிறவள். குழந்தை இருக்கிற வீடு, இந்தத் தண்ணீர் வேண்டாம் என்று அவளிடம் சொன்னாள். தையல்காரி அன்றே கிணற்றை மூடிவிட்டு லாரித் தண்ணீருக்கு மாறினாள். அவளைப் பார்த்துத் தெருவும் மாறியது. அடுத்த கோடையில் லாரித் தண்ணீரால் தெருவெல்லாம் பேதி. மற்றவர்கள் எப்படியோ தேறிவிட்டார்கள். தையல்காரியின் நாலு வயது மகள் மட்டும் பிழைக்கவில்லை.

போன வாரம் ஆய்வேட்டைப் படித்த வெளித் தேர்வாளர் ஒரே ஒரு கேள்வி எழுதி அனுப்பியிருந்தார்: சுத்தத் தண்ணீருக்கும் ஆசிட் விட்டீர்களா? அவள் அப்போதே விட்டுப் பார்த்தாள். கிணற்றுத் தண்ணீர் காட்டிய அதே அளவு ஈயத்தைச் சுத்தத் தண்ணீரும் காட்டியது. குழாயைச் சாய்க்கும்போதெல்லாம் ஆசிட் குமிழைத் தொட்டு, ரப்பரில் இருந்த ஈயத்தைக் கரைத்துக்கொண்டு இறங்கியிருக்கிறது. கிணற்றில் ஒன்றுமே இல்லை.

அவளுடைய பேராசிரியர் நல்ல மனுஷர்தான், தன் தலைக்கு ஒன்றும் வராதவரை. கருவியில் பிழை என்று ஒரு பத்தி எழுதிச் சமாளித்துவிடலாம் என்றார். தெருவில் போய் எதையும் உளறிவைக்காதே என்றும் சொன்னார்.

மறுநாள் காலையில் வெறுங்கையோடு தெருவுக்குப் போனாள். தையல்காரி மெஷினை மிதித்தபடியே உட்காரச் சொன்னாள். அவள் உட்காரவில்லை. ஆசிட், ரப்பர், சுத்தத் தண்ணீர் என்று ஒன்றுவிடாமல் நின்றபடியே சொல்லி முடித்தாள். மெஷின் எப்போது நின்றதென்று கவனிக்கவில்லை.

"அப்ப எங்க கிணத்துத் தண்ணி?"

"நல்லாத்தான் இருந்துச்சுக்கா. தப்பு என்னோடது."

தையல்காரி ஊசியில் மாட்டியிருந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூடாம இருந்திருந்தா என் பொண்ணு இருந்திருப்பாளா?"

உறுதியாகச் சொல்ல முடியாது என்று ஏழு வருஷமாக எழுதிப் பழகியவள். அதையே சொல்லித் தப்பித்திருக்கலாம்.

"இருந்திருப்பாக்கா" என்றாள்.